நிலம் கேட்ட சட்டமன்ற உறுப்பினர்: தாதாசாகேப் கெய்க்வாட்டின் அரசியல் வாழ்வு

1964 டிசம்பர் 6, அண்ணல் அம்பேத்கரின் எட்டாவது நினைவு நாள். அன்று தொடங்கி ஏறத்தாழ இரண்டு மாதங்கள் மகாராட்டிரத்திலும் வட மாநிலங்கள் பலவற்றிலும் நிலமற்ற தலித் மக்கள் அணி அணியாகச் சிறைக்குச் சென்றனர். இந்தியக் குடியரசுக் கட்சியின் கணக்குப்படி, கைதானவர்களின் எண்ணிக்கை மூன்று இலட்சத்தைத் தாண்டியது. விடுதலைக்குப் பிந்தைய இந்தியாவில் தலித்துகள் தம் சொந்தக் கொடியின்கீழ் நடத்திய மிகப்பெரிய நிலப் போராட்டங்களில் ஒன்று அது. அதற்குத் தலைமை தாங்கியவர் பாவுராவ் கிருஷ்ணாஜி கெய்க்வாட். மக்கள் அவரைத் தாதாசாகேப் என்றும் கர்மவீரர் என்றும் அழைத்தனர்.

தமிழில் அம்பேத்கரைப் படிப்பவர்களுக்கு இந்தப் பெயர் புதியதன்று. அம்பேத்கர் தம் இயக்கத் தோழர்களுக்கு எழுதிய கடிதங்களில் பெரும்பகுதி இவருக்கு எழுதப்பட்டவை. ஆனால் கடிதத்தைப் பெற்றவர் என்பதற்கு அப்பால் அவரைப் பற்றி நாம் பேசியது குறைவு. உள்ளூர்க் களப்பணியாளராகத் தொடங்கிப் பம்பாய் மாகாணச் சட்டமன்றத்துக்கும் பின்னர் நாடாளுமன்றத்தின் இரு அவைகளுக்கும் சென்ற ஒருவர், அவையில் கேட்டதையே தெருவிலும் கேட்டார். தெருவில் கிடைக்காதபோது வயலில் இறங்கினார். அவருடைய வெற்றிகளும் சறுக்கல்களும் இன்றைய தலித் அரசியலுக்கு நேரடியாகத் தொடர்புடையவை.

வதன் என்னும் தளை

நாசிக் மாவட்டம், திண்டோரி வட்டத்திலுள்ள ஆம்பே கிராமத்தில் 1902 அக்டோபர் 15 அன்று ஒரு மகர் குடும்பத்தில் கெய்க்வாட் பிறந்தார். அவருடைய அரசியலைப் புரிந்துகொள்ள, அக்காலத்து மராத்திய கிராமத்தில் மகர்களின் நிலை என்ன என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மகர்கள் ஊரின் கீழ்நிலை ஊழியர்கள். எல்லைத் தகராறில் சாட்சி சொல்வது, வரிப்பணத்தைக் கருவூலத்துக்குச் சுமப்பது, வந்திறங்கும் அதிகாரிக்கு வழிகாட்டுவது, இறப்புச் செய்தியை ஊர் ஊராகச் சென்று அறிவிப்பது, செத்த மாட்டை அப்புறப்படுத்துவது ஆகியன அவர்கள் மீது சுமத்தப்பட்ட கடமைகள். இதற்கு ஈடாகச் சிறிதளவு மானிய நிலமும், அறுவடையில் ஒரு பங்குத் தானியமும் உண்டு. நிலத்துக்கு வதன் என்று பெயர். தானியத்துக்குப் பலுதே என்று பெயர். 1874-ஆம் ஆண்டின் பம்பாய்ப் பரம்பரைப் பதவிகள் சட்டம் இந்த ஏற்பாட்டுக்குச் சட்ட வடிவம் கொடுத்தது. வேலை செய்ய வேண்டியவர் ஒருவர் இல்லையென்றால் அவர் குடும்பத்தில் எவரேனும் அதைச் செய்தாக வேண்டும். வேலைக்கு நேர வரம்பு இல்லை. மறுத்தால் நிலம் பறிபோகும்.

சாதிக் கொடுமையை வெறும் தீட்டுப் பிரச்சினையாக மட்டும் பார்ப்பவர்களுக்கு வதன் முறை ஒரு மறுமொழி. அது நிலத்தைக் காட்டி மனிதரைக் கட்டிவைத்த முறை. நிலம் இருந்தது, அதில் உரிமை இல்லை. வேலை இருந்தது, அதற்குக் கூலி இல்லை. 1928-இல் பம்பாய்ச் சட்டமன்ற மேலவையில் அம்பேத்கர் இதைத் திருத்த ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார், அது நிறைவேறவில்லை. கெய்க்வாட்டின் தலைமுறை வளர்ந்தது இந்தச் சூழலில்தான். உயர்கல்வி பெறும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. ஆனால் கிராமக் கணக்கும் வருவாய்த் துறையின் நடைமுறையும் அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தன. பிற்காலத்தில் அவர் எழுப்பிய ஒவ்வொரு கோரிக்கையிலும் அந்த அறிவு தெரிகிறது.

காலாராம் கோயிலின் நான்கு வாயில்கள்

இளைஞரான கெய்க்வாட் நாசிக் நகரில் ஒடுக்கப்பட்ட மாணவர்களுக்கான விடுதியொன்றின் பொறுப்பைக் கவனித்தார். மகாட் குளப் போராட்டத்துக்குப் பிறகு மராத்தியப் பகுதியெங்கும் பரவிய எழுச்சியில் நாசிக் ஒரு மையமாக மாறியதற்கு அவரைப் போன்ற உள்ளூர்ப் பணியாளர்களே காரணம். 1930 மார்ச் 2 அன்று காலாராம் கோயில் நுழைவுப் போராட்டம் தொடங்கியது. அம்பேத்கர் தலைமையில் பல்லாயிரவர் ஊர்வலமாகச் சென்றனர். கோயில் நிர்வாகம் வாயில்களை அடைத்தது. மறுநாள் முதல் நான்கு வாயில்களிலும் சத்தியாக்கிரகிகள் அமர்ந்தனர். பெண்களும் அதில் இருந்தனர். ஏப்ரலில் இராமநவமித் தேரோட்டத்தின்போது போராட்டக்காரர்கள் தாக்கப்பட்டனர்; கற்கள் பறந்தன; அம்பேத்கரும் காயமடைந்தார்.

இந்தப் போராட்டக் குழுவின் செயலாளர் கெய்க்வாட். தொடக்க நாளின் நிழற்படங்களும் செய்திகளும் வரலாற்றில் இடம்பெற்றன. ஆனால் அம்பேத்கர் வட்டமேசை மாநாடுகளுக்காக இலண்டன் சென்ற மாதங்களில் போராட்டத்தை அணையாமல் காத்தவர் கெய்க்வாட். தொண்டர்களைத் திரட்டுவது, உணவுக்கு வழிசெய்வது, வழக்குகளைக் கவனிப்பது, சிறைக்குச் சென்றவர்களின் குடும்பங்களைப் பார்த்துக்கொள்வது என அன்றாடப் பணிகள் அனைத்தும் அவர் தோளில் விழுந்தன. கிராமங்களில் போராட்டத்துக்குச் சென்றவர்களைச் சாதி இந்துக்கள் வேலைக்கு அழைக்க மறுத்தனர். தண்ணீரும் கடைப் பொருளும் மறுக்கப்பட்டன. அவரும் சிறை சென்றார். அந்த ஐந்தாண்டுகளில் அம்பேத்கருக்கும் அவருக்கும் இடையே நடந்த கடிதப் போக்குவரத்து, ஒரு தேசியத் தலைவரும் ஓர் உள்ளூர் அமைப்பாளரும் ஒருவரையொருவர் எவ்வளவு சார்ந்திருந்தனர் என்பதைக் காட்டுகிறது.

1934 மார்ச்சில் அம்பேத்கர் அவருக்கு எழுதிய கடிதம் முக்கியமானது. சிலை வழிபாட்டுக்காகத் தாம் இந்தப் போராட்டத்தைத் தொடங்கவில்லை என்றும், மக்களைத் தட்டி எழுப்பி அவர்களின் உண்மை நிலையை உணரச் செய்யவே தொடங்கியதாகவும், அந்த நோக்கம் நிறைவேறிவிட்டதால் இனி ஆற்றலைக் கல்வியிலும் அரசியலிலும் செலுத்த வேண்டும் என்றும் அதில் விளக்கினார். 1935 அக்டோபர் 13 அன்று அதே நாசிக் மாவட்டத்தின் இயோலாவில் நடந்த மாநாட்டில், தாம் இந்துவாகச் சாகப்போவதில்லை என்று அம்பேத்கர் அறிவித்தார். காலாராம் போராட்டம் அத்துடன் முடிவுக்கு வந்தது.

ஐந்தாண்டு உழைப்பின் முடிவில் கதவு திறக்கவில்லை. அதைத் தோல்வி என்று எழுதுபவர்கள் உண்டு. ஆனால் அந்த ஐந்தாண்டுகளில் நாசிக் மாவட்டத்தின் கிராமங்கள்தோறும் ஓர் அமைப்பு உருவாகியிருந்தது. 1937-இல் வாக்குச்சாவடிக்கு மக்களைக் கொண்டுவந்தது அந்த அமைப்புதான்.

சட்டமன்றத்தில் ஒன்பது ஆண்டுகள்

1935-ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டத்தின்கீழ் 1937-இல் மாகாணத் தேர்தல்கள் நடந்தன. பம்பாய்ச் சட்டமன்றத்தின் 175 இடங்களில் 15 பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டிருந்தன. அம்பேத்கர் 1936-இல் தொடங்கிய சுதந்திரத் தொழிலாளர் கட்சி சில பொது இடங்களையும் சேர்த்து 17 வேட்பாளர்களை நிறுத்தியது. அவர்களில் பெரும்பாலோர் வென்றனர். நாசிக்கிலிருந்து வென்றவர் கெய்க்வாட். அப்போது அவருக்கு வயது 34.

கட்சியின் பெயரைக் கவனிக்க வேண்டும். அது சாதியின் பெயரில் அமையவில்லை. தொழிலாளர் பெயரில் அமைந்தது. கொங்கணத்தில் உழவர்களை வதைத்த கோத்தி நிலமுறையை ஒழிக்க அம்பேத்கர் 1937 செப்டம்பரில் மசோதா கொண்டுவந்தார். 1938 சனவரியில் பல்லாயிரம் உழவர்கள் பம்பாய்க்குப் பேரணியாக வந்தனர். அதே ஆண்டு நவம்பரில் தொழிற்தகராறு மசோதாவை எதிர்த்து ஒருநாள் வேலைநிறுத்தம் நடந்தது. பி.ஜி. கேர் தலைமையிலான காங்கிரஸ் அமைச்சரவைக்கு எதிரே இந்தச் சிறு குழு எதிர்க்கட்சியாக நின்றது. சட்டமன்றத்துக்குள் மசோதா, வெளியே பேரணி என்ற இரட்டைச் செயல்முறையை கெய்க்வாட் இங்குதான் கற்றுக்கொண்டார். வாழ்நாள் முழுவதும் அவர் இதைக் கைவிடவில்லை.

அவருடைய தனிப்பட்ட கவனம் வதன் நிலத்தின் மீது இருந்தது. வதன் நிலங்கள் மீதான வரியை அரசு உயர்த்தியபோது நாசிக் மாவட்டத்தில் எதிர்ப்புக் கிளம்பியது. கூலியின்றி வேலை வாங்கிக்கொண்டு, அந்த வேலைக்கு ஈடாகக் கொடுத்த நிலத்துக்கும் வரியை ஏற்றுவது என்ன நியாயம் என்பதே மக்களின் கேள்வி. 1941 ஆகஸ்டில் நாசிக் மாவட்டம் சின்னரில் மாநாடு கூட்டப்பட்டது, அம்பேத்கர் கலந்துகொண்டார். வரி செலுத்த மறுக்கும் இயக்கம் எழுந்தது. இறுதியில் அரசு பின்வாங்கியது. அமைச்சரவை பதவி விலகி, ஆளுநரின் ஆட்சி நடந்த காலம் அது; சட்டமன்றம் செயலற்றுக் கிடந்தது. அவை மூடப்பட்டிருந்தாலும் உறுப்பினரின் வேலை நின்றுவிடாது என்பதற்குச் சின்னர் ஒரு சான்று.

1942-இல் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பு தொடங்கப்பட்டது. சென்னையைச் சேர்ந்த வழக்கறிஞர் என். சிவராஜ் அதன் அகில இந்தியத் தலைவரானார். பம்பாய் மாகாணத்தில் கூட்டமைப்பைக் கட்டியவர்களில் கெய்க்வாட் முதன்மையானவர். ஆனால் 1946 தேர்தலில் கூட்டமைப்பு ஏறத்தாழத் துடைத்தெறியப்பட்டது. பம்பாய் மாகாணத்தில் ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை.

இந்தத் தோல்வியின் காரணம் பூனா ஒப்பந்தத்தின் தேர்தல் முறைக்குள் இருந்தது. ஒதுக்கப்பட்ட தொகுதியில் முதலில் பட்டியல் சாதி வாக்காளர்கள் மட்டும் வாக்களித்து நால்வரைத் தேர்ந்தெடுப்பார்கள். அந்த நால்வரில் ஒருவரைப் பின்னர் அனைத்துச் சாதி வாக்காளர்களும் சேர்ந்து தேர்ந்தெடுப்பார்கள். முதல் சுற்றில் கூட்டமைப்பின் வேட்பாளர்கள் பரவலாக முன்னணி பெற்றனர். இறுதிச் சுற்றில், தம் சமூகத்திடம் குறைந்த ஆதரவு பெற்ற காங்கிரஸ் வேட்பாளர்கள் மற்றவர்களின் வாக்குகளால் வென்றனர். தலித்துகளின் பிரதிநிதி யார் என்பதைத் தலித் அல்லாதவர்கள் முடிவு செய்தார்கள். இன்றைய தனித்தொகுதிகளில் முதல் சுற்றும் இல்லை. இறுதிச் சுற்று மட்டுமே எஞ்சியிருக்கிறது.

உழுபவனுக்கு நிலம் என்றபோது விடுபட்டவர்கள்

1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் அம்பேத்கர் பௌத்தம் தழுவினார். கெய்க்வாட்டும் அதே வழியில் சென்றார். இரண்டு மாதங்களுக்குள் அம்பேத்கர் மறைந்தார். மதமாற்றத்துக்கு உடனடியாக ஒரு சட்ட விலை கொடுக்க வேண்டியிருந்தது. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்துக்களும், 1956 திருத்தத்துக்குப் பிறகு சீக்கியர்களும் மட்டுமே பட்டியல் சாதியினர். பௌத்தரான தலித்துகள் இட ஒதுக்கீட்டையும் கல்வி உதவியையும் இழந்தனர். சாதி இழிவு அவர்களை விட்டு விலகவில்லை. சட்டப் பாதுகாப்பு மட்டும் விலகியது.

1957 பொதுத்தேர்தலில் கூட்டமைப்பு, ஒன்றுபட்ட மகாராட்டிரம் கோரிய சம்யுக்த மகாராட்டிர சமிதியுடன் கூட்டணி அமைத்தது. நாசிக் மக்களவைத் தொகுதியில் கெய்க்வாட் வென்றார். அதே ஆண்டு அக்டோபரில் கூட்டமைப்பு கலைக்கப்பட்டு இந்தியக் குடியரசுக் கட்சி தோன்றியது. சிவராஜ் அதன் முதல் தலைவர்.

அந்நாட்களில் நாடெங்கும் நிலச்சீர்திருத்தம் பேசப்பட்டது. பம்பாய் மாகாணத்தின் 1948-ஆம் ஆண்டுக் குத்தகைச் சட்டமும் அதன் பின்வந்த திருத்தமும் 1957 ஏப்ரல் 1 முதல் குத்தகைதாரர்களை நில உடைமையாளர்களாக்கின. இதை முற்போக்கான சட்டமென்று இன்றும் பாராட்டுகிறோம். ஆனால் பயன் பெற்றவர்கள் யார்? குத்தகைப் பதிவு இருந்தவர்கள். தலித்துகளில் மிகப் பெரும்பாலோர் குத்தகைதாரர்கள் அல்லர், கூலிகள். வேறொருவர் பெயரில் குத்தகைக்கு இருந்த நிலத்தில் உழைத்தவர்கள். உழுபவனுக்கு நிலம் என்று சட்டம் சொன்னபோது, உண்மையில் ஏர் பிடித்தவர் அந்த வரையறைக்குள் வரவில்லை.

1958-இல் பம்பாய் அரசு கீழ்நிலைக் கிராம வதன் ஒழிப்புச் சட்டத்தை இயற்றியது. 1959 ஆகஸ்டு 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அம்பேத்கர் மசோதா கொண்டுவந்து முப்பதாண்டுகளுக்குப் பிறகு அடிமைப்பணி சட்டப்படி ஒழிந்தது. ஆனால் நிலம் முதலில் அரசுக்குப் போயிற்று. நிர்ணயித்த தொகையைக் கட்டினால் மட்டுமே பழைய வதன்தாரருக்கு அது திரும்பக் கிடைக்கும். கையில் காசில்லாதவர்கள் தம் முன்னோர் உழுத மண்ணையே இழக்கும் நிலை உருவாயிற்று. ஆட்சியர் அனுமதியின்றி விற்கக்கூடாது என்ற நிபந்தனையும் இருந்தது. அதையும் மீறி நிலங்கள் கைமாறின.

இந்த இரண்டு சட்டங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால்தான் கெய்க்வாட்டின் நிலப் போராட்டம் ஏன் எழுந்தது என்பது விளங்கும். கிராமத்துத் தலித்துக்கு எஞ்சியிருந்தது அரசின் தரிசும், கயிரான் எனப்படும் மேய்ச்சல் புறம்போக்கும், வனத்துறையின் மரமற்ற நிலமும்தான். அவற்றை நிலமற்றோருக்குப் பிரித்துக் கொடு என்பதே 1959 போராட்டத்தின் கோரிக்கை. நாசிக், கந்தேஷ், மராத்வாடாப் பகுதிகளில் ஆயிரக்கணக்கானோர் தரிசு நிலங்களில் இறங்கி உழுது கைதானார்கள். பொதுவுடைமை இயக்கத்தின் கிராந்திசிங் நானா பாட்டீல் அவருடன் கைகோத்தார்.

வேட்டியும் கால்சட்டையும்

இதே நேரத்தில் குடியரசுக் கட்சி பிளந்தது. பி.சி. காம்ப்ளே தலைமையில் ஓரணி பிரிந்தது. அவர்கள் பெரும்பாலும் நகரத்தில் படித்தவர்கள். வழக்கறிஞர்கள் பலர் இருந்தனர். அம்பேத்கரின் வழி அரசியலமைப்பு வழி. சத்தியாக்கிரகமும் சட்ட மீறலும் அதற்கு ஒவ்வாதவை. பொதுவுடைமையருடன் சேருவது கொள்கைத் துரோகம் என்பது அவர்கள் வாதம். வேட்டி கட்டிய, பட்டம் பெறாத கெய்க்வாட்டுக்கு அம்பேத்கரின் கட்சியை நடத்தும் தகுதி உண்டா என்ற ஏளனமும் இதற்கடியில் இருந்தது. வேட்டிக்காரர்களுக்கும் கால்சட்டைக்காரர்களுக்கும் நடந்த சண்டை என்றே மராத்தியத்தில் அதைக் குறிப்பிட்டனர்.

காம்ப்ளே அணியின் வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. அரசியல் நிர்ணய அவையின் நிறைவு உரையில் சத்தியாக்கிரகம், ஒத்துழையாமை போன்ற முறைகளைக் கைவிட வேண்டும் என்று அம்பேத்கர் கேட்டுக்கொண்டது உண்மை. அரசியலமைப்பு வழிகள் திறந்திருக்கும்போது அவை தேவையில்லை என்பதே அவர் கருத்து. ஆனால் கெய்க்வாட் தரப்புக்கும் வலுவான மறுமொழி இருந்தது. சட்டம் இயற்றப்பட்டும் தரிசு நிலம் பிரிக்கப்படவில்லை என்றால், குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1948 முதல் இருந்தும் கூலி உயரவில்லை என்றால், கிராமத்துத் தலித்துக்கு எந்த அரசியலமைப்பு வழி திறந்திருக்கிறது? தம் இறுதி ஆண்டில், கிராமப்புற நிலமற்றோருக்காகத் தம்மால் போதிய அளவு செய்ய முடியவில்லை என்று அம்பேத்கர் வருந்தியதையும் அவர்கள் நினைவூட்டினர்.

நீதிமன்றத்தையே களமாகக் கொண்ட என்னைப் போன்ற வழக்கறிஞர்கள் இந்தப் பிளவைத் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டும். ஒரு ரிட் மனுவில் பட்டாவைக் கேட்பதற்கு முன், அந்த நிலத்தில் மக்கள் இறங்கியிருக்க வேண்டும். உடைமையில் இல்லாதவருக்கு நீதிமன்றம் தருவது பெரும்பாலும் மனுவைப் பரிசீலிக்கும்படி ஆட்சியருக்கு ஓர் உத்தரவு மட்டுமே. கெய்க்வாட் சட்டம் படித்தவர் அல்லர். ஆனால் இந்த உண்மை அவருக்குத் தெரிந்திருந்தது.

1964: பத்துக் கோரிக்கைகள்

1962-இல் கெய்க்வாட் மாநிலங்களவை உறுப்பினரானார். 1964 செப்டம்பர் இறுதியில் சிவராஜ் மறைந்தார். அடுத்த சில நாள்களில், அக்டோபர் தொடக்கத்தில், குடியரசுக் கட்சியின் கோரிக்கைப் பட்டியல் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியிடம் அளிக்கப்பட்டது. நாடாளுமன்ற மைய மண்டபத்தில் அம்பேத்கரின் படம் வைக்கப்பட வேண்டும். உழுபவருக்கு நிலம் வேண்டும். தரிசு நிலங்கள் நிலமற்றோருக்குப் பிரிக்கப்பட வேண்டும். தானியம் முறையாக வழங்கப்பட்டு விலை கட்டுப்படுத்தப்பட வேண்டும். குடிசை மக்களின் நிலை சீர்செய்யப்பட வேண்டும். குறைந்தபட்சக் கூலிச் சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வர வேண்டும். பௌத்தம் தழுவியவர்களுக்குப் பட்டியல் சாதி உரிமைகள் நீட்டிக்கப்பட வேண்டும். ஒடுக்கப்பட்டோர் மீதான வன்கொடுமை நிறுத்தப்பட வேண்டும் என்று பட்டியல் நீண்டது.

இந்தக் கோரிக்கைகளில் தன்மானமும் வயிறும் தனித்தனியே பிரிக்கப்படவில்லை. அண்ணலின் படமும் அரிசி விலையும் ஒரே தாளில் இருந்தன. பிற்காலத் தலித் அரசியலில் அடையாள அரசியல், வர்க்க அரசியல் என்று இரண்டாகப் பிரித்து நாம் நடத்தும் விவாதம் கெய்க்வாட்டுக்குப் புரிந்திருக்காது. கூலி கொடுக்காதவனும் தெருவில் நடக்க விடாதவனும் கிராமத்தில் ஒரே ஆள்தான் என்பது அவர் அனுபவம்.

போராட்டம் டிசம்பர் 6 அன்று தொடங்கியது. பெண்கள் கைக்குழந்தைகளுடன் சிறைக்குச் சென்றனர். சாந்தாபாய் தாணி போன்ற நாசிக்கின் பெண் தலைவர்கள் களத்தில் நின்றனர். கெய்க்வாட்டின் மனைவி கீதாபாயும் போராட்டத்தில் பங்கேற்றுச் சிறை சென்றார். சிறைகள் நிரம்பி வழிந்தன. பிரதமரின் உறுதிமொழியை அடுத்துப் போராட்டம் நிறுத்தப்பட்டது. தரிசு நிலம் சில பகுதிகளில் பிரித்தளிக்கப்பட்டது. பல பகுதிகளில் உறுதிமொழி தாளிலேயே நின்றது. அம்பேத்கரின் படம் மைய மண்டபத்தில் ஏறியதும் பௌத்தர்களுக்குப் பட்டியல் சாதித் தகுதி கிடைத்ததும் 1990-இல்தான். ஒரு நியாயமான கோரிக்கைக்கு இந்த நாடு எடுத்துக்கொண்ட காலம் கால் நூற்றாண்டு. கிறித்தவத் தலித்துகளும் இசுலாமியத் தலித்துகளும் அதே உரிமைக்காக இன்னும் உச்ச நீதிமன்றத்தின் வாயிலில் காத்திருக்கிறார்கள்.

சறுக்கலும் எஞ்சியதும்

இந்த உயரத்திலிருந்து கட்சி விரைவாகக் கீழிறங்கியது. 1967-இல் மகாராட்டிர உள்ளாட்சித் தேர்தல்களுக்காகக் கெய்க்வாட் அணி காங்கிரஸுடன் உடன்பாடு கொண்டது. மாநிலத்தில் காங்கிரஸின் முதன்மைத் தலைவர் யஷ்வந்த்ராவ் சவான். அதிகாரத்தில் ஒரு பங்கு கிடைத்தால் நிலப்பங்கீட்டை உள்ளிருந்து விரைவுபடுத்தலாம் என்ற கணக்கு அதில் இருந்திருக்கலாம். நடந்தது வேறு. மூன்று இலட்சம் பேரைச் சிறைக்கு அழைத்துச் சென்ற கட்சி, சில பதவிகளுக்காகப் பேரம் பேசும் கட்சியாகச் சுருங்கியது. அடுத்தடுத்த தலைவர்களைக் காங்கிரஸ் ஒவ்வொருவராக இழுத்துக்கொண்டது. 1968-இல் கெய்க்வாட்டுக்குப் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. அதே ஆண்டு அவருடைய மாநிலங்களவைப் பதவிக்காலம் முடிந்தது. 1971 டிசம்பர் 29 அன்று அவர் மறைந்தார்.

அடுத்த ஆண்டே பம்பாயில் தலித் சிறுத்தைகள் இயக்கம் பிறந்தது. குடியரசுக் கட்சித் தலைவர்களின் சமரசத்தின் மீது கொண்ட கோபம் அதற்கு ஒரு காரணம். அந்தக் கோபம் நியாயமானது. அதில் ஒரு பங்கு கெய்க்வாட்டின் 1967 முடிவுக்கும் உரியது. ஆயினும் 1973-இல் சிறுத்தைகள் வெளியிட்ட அறிக்கை நிலமற்ற உழவரையும் தொழிலாளரையும் தலித் என்ற சொல்லுக்குள் கொண்டுவந்தபோது, அது 1959-இலும் 1964-இலும் உழுத நிலத்தில்தான் விதைத்தது.

மகாராட்டிர அரசு 2004-இல் கெய்க்வாட்டின் பெயரில் ஒரு திட்டம் தொடங்கியது. வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள நிலமற்ற பட்டியல் சாதி, நவபௌத்தக் குடும்பத்துக்கு நான்கு ஏக்கர் புன்செய் அல்லது இரண்டு ஏக்கர் பாசன நிலம் வாங்கித் தருவது அதன் நோக்கம். பெயர் பொருத்தமானதுதான். ஆனால் திட்டத்தின் அடிப்படை, விற்க முன்வருபவரிடம் அரசு நிலத்தை விலைக்கு வாங்குவது. விற்க எவரும் முன்வராத ஊரில் திட்டம் நின்றுவிடும். கெய்க்வாட் கேட்டது அரசின் கையில் ஏற்கெனவே இருந்த நிலத்தை. அதற்கு விற்பவர் தேவையில்லை, அரசியல் உறுதி போதும்.

அவருடைய மக்கள் அன்று இறங்கி உழுத மேய்ச்சல் புறம்போக்குகளின் கதையும் முடியவில்லை. 1990 ஏப்ரல் 14 வரை தலித்துகளும் பிற நிலமற்றோரும் பயிரிட்டு வந்த கயிரான் நிலங்களை முறைப்படுத்த மகாராட்டிர அரசு 1991-இல் ஆணையிட்டது. இரண்டு பத்தாண்டுகளுக்குப் பிறகும் பலருக்குப் பட்டா வரவில்லை. 2011-இல் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கிராமப் பொதுநிலங்களிலுள்ள ஆக்கிரமிப்புகளை அகற்ற உத்தரவிட்டது. அரசு அறிவிப்பின்கீழ் நிலமற்றோருக்கும் பட்டியல் சாதியினருக்கும் குத்தகை வழங்கப்பட்ட நேர்வுகளுக்கு அதே தீர்ப்பு விலக்கும் அளித்தது. வெளியேற்ற வரும் அதிகாரிகள் தீர்ப்பின் முதல் பகுதியைக் கொண்டுவருகிறார்கள்; விலக்கைக் கொண்டுவருவதில்லை. அந்த விலக்கை எடுத்துக்காட்டி வாதிடுவது நம் வேலை.

தமிழ்நாட்டில் பஞ்சமி நில மீட்புக்காக உழைப்பவர்களுக்கு இந்த வரலாற்றின் ஒவ்வொரு திருப்பமும் பழக்கமானதாக இருக்கும். நிபந்தனையுடன் தரப்பட்ட நிலம், நிபந்தனையை மீறிக் கைமாறிய நிலம், ஆவணத்தில் தலித்தின் பெயரும் அனுபவத்தில் வேறொருவரும் என்ற நிலை இரண்டு இடங்களிலும் ஒன்றுதான். 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில், காரணை பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தின்போது நடந்த காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரிழந்தனர். நிலம் கேட்பது எவ்வளவு ஆபத்தான கோரிக்கை என்பதை அந்த இரண்டு உயிர்கள் நமக்குச் சொல்லின.

தனித்தொகுதிகளிலிருந்து சட்டமன்றத்துக்குச் செல்லும் உறுப்பினர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேர் தம் தொகுதியின் நிலப் பதிவேட்டைத் திறந்து பார்த்திருக்கிறார்கள் என்று மாணவர்களும் செயற்பாட்டாளர்களும் கேட்க வேண்டும். தம் வட்டத்தில் எவ்வளவு பஞ்சமி நிலம் பதிவில் உள்ளது, அதில் எவ்வளவு தலித்துகளின் அனுபவத்தில் உள்ளது என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒரு மனுவில் கேட்டுவிடலாம். அந்தப் பட்டியலுடன் சட்டமன்ற உறுப்பினரைச் சந்திக்கலாம். மறுத்தால் மக்களுடன் அந்த நிலத்துக்குச் செல்லலாம். பதிவேடு, சட்டமன்றம், வயல் ஆகிய மூன்றையும் ஒருசேரக் கையாண்டதே தாதாசாகேப் கெய்க்வாட் நமக்கு விட்டுச்சென்ற செயல்முறை.